விளையும் பயிர் முளையிலே தெரியுமா? பேஸ்பால் பண்ணையும் ஒரு கணினி விளையாட்டும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் பயிர் விளைந்த பிறகுதான் சொல்கிறார் என்பதைக் கவனிப்பதில்லை. பெரிய ஆளாகிவிட்ட ஒருவரின் சின்ன வயசுக் கதைகளைத் தோண்டி எடுத்து, "அப்பவே தெரிஞ்சுது" என்பதில் சிரமம் எதுவும் இல்லை. முளையைப் பார்த்த கையோடு, விளைச்சல் இத்தனை மூட்டை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால்தான் சங்கடம்.

அமெரிக்காவில் அப்படிக் கையெழுத்துப் போடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. பேஸ்பால் ஸ்கவுட்டுகள். ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மைதானங்களில் உட்கார்ந்து, பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 20-லிருந்து 80 வரை ஓர் அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், அடியின் வலு, ஓட்டம், பந்து பிடித்தல், எறிதல் என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: ஒன்று இன்றைய நிலை, இன்னொன்று பையன் முழுசாக வளர்ந்தால் எட்டக்கூடிய நிலை. இன்று 30, நாளை 60 என்பதைப் போல. இந்த இரண்டாவது எண்ணைத்தான் 'பொட்டென்ஷியல்' என்கிறார்கள். அது உயர்வாக இருக்கும் பையன் 'பிராஸ்பெக்ட்'.

இந்த இரண்டாவது எண்ணின் கதைதான் இந்தக் கட்டுரை. எனக்கு அது அறிமுகமானது மைதானத்தில் அல்ல, கணினியில்: 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற விளையாட்டில். மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது, முதல் பதிப்பு 1999-ல் வந்தது. இதில் நீங்கள் மட்டையைத் தொடவே மாட்டீர்கள். ஒரு கிளப்பின் மேலாளராக உட்கார்ந்து, பட்டியல்களையும் எண்களையும் பார்த்து ஆட்களை எடுப்பது, வளர்ப்பது, விற்பது, கழிப்பது. அவ்வளவுதான் விளையாட்டு. பார்ப்பவர்களுக்குக் கணக்கு அலுவலக வேலை மாதிரி இருக்கும். ஆனால் 18 வயதில் எடுத்துப் போட்ட ஒரு பையன் ஆறு வருஷம் படிப்படியாக மேலே ஏறி வருவதைப் பார்ப்பதில் இருக்கும் போதை, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

படி என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம்ம ஊர்க் கிரிக்கெட்டில் மாநில அணி, ரஞ்சி, இந்திய அணி என்று போகிற பாதை வேறு. அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு மேஜர் லீக் கிளப்புக்கும் கீழே அதன் கட்டுப்பாட்டில் பல சிறிய அணிகள் இருக்கும். அடியில் ரூக்கி, அதற்கு மேல் சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இதற்கெல்லாம் பொதுப்பெயர் மைனர் லீக். பையன் கிளப்போடு கையெழுத்துப் போட்டவுடன் அடியில் இறக்கிவிடப்படுவான். அங்கிருந்து ஏற வேண்டும். பெரும்பாலானவர்கள் ஏறுவதே இல்லை.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'ஃபார்ம் சிஸ்டம்' என்பார்கள். பண்ணை முறை. பழமொழிக்கும் இதற்கும் என்ன பொருத்தம் பாருங்கள்! பயிர், முளை, பண்ணை எல்லாம் ஒரே வயலில் வந்து நிற்கின்றன.

பண்ணை வைத்தவர்

இந்த முறையைக் கட்டி எழுப்பியவர் பிராஞ்ச் ரிக்கி. 1947-ல் ஜாக்கி ராபின்சனைப் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறக்கி, மேஜர் லீக்கில் அதுவரை இருந்த நிறத்தடையை உடைத்தவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே, செயின்ட் லூயி கார்டினல்ஸ் கிளப்பில் அவர் செய்த வேலை பேஸ்பாலின் பொருளாதாரத்தையே மாற்றிவிட்டது.

காரணம் இலட்சியம் அல்ல, வறுமை. அந்தக் காலத்தில் மைனர் லீக் அணிகள் தனித்தனி முதலாளிகளுக்குச் சொந்தம். நல்ல பையனை வளர்ப்பார்கள், மேஜர் லீக் கிளப்புகளிடம் விலை பேசுவார்கள். ரிக்கிக்கு ஆட்களை அடையாளம் காணும் கண் இருந்தது, கையில் காசு இல்லை. கார்டினல்ஸ் ஒரு பையனைக் கேட்கிறது என்று தெரிந்தாலே போதும், அவனிடம் ஏதோ இருக்கிறது என்று நியூயார்க் கிளப்புகள் கூடுதல் விலை வைத்துத் தூக்கிவிடும். இலவசமாக ஆள் தேடிக் கொடுக்கிற ஏஜெண்ட் மாதிரி ஆகிவிட்டது கார்டினல்ஸின் நிலை.

சந்தையில் வாங்க முடியாதவன் என்ன செய்வான்? சொந்தமாகப் பயிரிடுவான். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபோர்ட் ஸ்மித், ஹூஸ்டன், சிராகியூஸ் ஆகிய ஊர்களின் அணிகளில் கார்டினல்ஸ் பங்கு வாங்கத் தொடங்கியது. ஊர்களில் பொதுத் தேர்வு முகாம்கள் வைத்து, வந்தவர்களையெல்லாம் ஓடவிட்டு, எறியவிட்டுப் பார்த்தார்கள். 1930-களின் இறுதியில் 30-க்கும் மேற்பட்ட அணிகள், 600-க்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த ஒரே கிளப்பின் பிடியில் இருந்தார்கள்.

பலன் பிரமாதம். 1926-லிருந்து 1946 வரை கார்டினல்ஸ் ஒன்பது முறை நேஷனல் லீக் பட்டத்தை வென்றது, அதில் ஆறு முறை உலகத் தொடரையும். ரிக்கி 1942-லேயே புரூக்ளினுக்குப் போய்விட்டார். அவர் நட்டுவிட்டுப் போனது அதற்கப்புறமும் விளைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரிக்கியின் வெற்றிக்குக் காரணம் அவருக்கு முளை தெரிந்தது மட்டுமல்ல. அவர் பயங்கரமான கண்ணுள்ளவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கே எல்லாம் தெரியாது என்ற அனுமானத்தின் மேல்தான் பண்ணை நின்றது. எது விளையும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் 600 பேர் எதற்கு? நூறு பேர் போதுமே. நிறைய விதைத்தால் அதில் சில தரமாக வரும் என்பதுதான் அவருடைய கணக்கு.

அந்தப் பண்ணையின் மிகப் பெரிய விளைச்சலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்டான் மியூசியல். 1938-ல் 17 வயதில் மாதம் 65 டாலர் சம்பளத்தில் சேர்ந்தபோது அவர் பந்து எறிபவர், அதாவது பிட்சர். மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்சன் என்ற ஊரில், ஏணியின் அடிப்படியில் எறிந்துகொண்டிருந்தார். 1940-ல் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச் அணியில் இருந்தபோது, எறியாத நாட்களில் அவுட்ஃபீல்டில் நிற்பது வழக்கம். ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்கப் போய் எறியும் தோளில் விழுந்தார். தோள் போச்சு. பிட்சராக அவருடைய இரண்டாவது எண் அன்றோடு பூஜ்யம். அப்புறம் மட்டையைப் பிடித்தார். 1941 செப்டம்பரில் மேஜர் லீக்கில் இருந்தார். ஓய்வு பெறும்போது 3,630 ஹிட்டுகள்: சொந்த மைதானத்தில் 1,815, வெளியூர்களில் 1,815. இந்தப் பயிர் முளையில் யாருக்குத் தெரிந்தது? விழுந்ததால் தெரிந்தது. விழுந்த பிறகும் நிற்பதற்கு ஓர் இடம் பண்ணையில் இருந்ததால் தெரிந்தது.

பண்ணையாளும் அடிமைச் சீட்டும்

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் மியூசியல்கள் அல்ல.

அன்றைய ஒப்பந்தத்தில் 'ரிசர்வ் க்ளாஸ்' என்ற ஷரத்து உண்டு. ஒருமுறை கையெழுத்துப் போட்டால், கிளப்பாக விடும்வரை வீரன் வேறெங்கும் போக முடியாது. சந்தையில் போட்டியைக் காக்கும் சட்டங்கள் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கார்டினல்ஸில் முதல் அணியில் ஓர் இடத்துக்கு ஐந்து பேர் காத்திருப்பார்கள். வேறு கிளப்பில் அவர்களில் நாலு பேர் உடனே ஆடக்கூடியவர்கள். ஆனால் போக வழியில்லை. விற்றால்தான் உண்டு. ரிக்கி விற்கவும் செய்தார். விற்ற தொகையில் அவருக்கே ஒரு பங்கும் கிடைத்தது.

அப்போதைய பேஸ்பால் ஆணையர், முன்னாள் நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே லீக்கில் ஒரே முதலாளி மறைமுகமாக ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் கையில் வைத்திருந்தது வெளிப்பட்டதும், 1938-ல் கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து 70-க்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்தார். 1940-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் கிளப்பிலிருந்து 91 பேர். 1938-ல் வெளியே வந்த பையன்களில் பீட் ரெய்சர் என்று ஒருவர். புரூக்ளின் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1941-ல், 22 வயதில், நேஷனல் லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரிக்காரர் அவர்தான். அதற்கப்புறம் பந்தைத் துரத்திக்கொண்டு போய் மைதானச் சுவர்களில் திரும்பத் திரும்ப மோதி, உடைந்து, சீக்கிரமே மங்கிப்போனார். இவருக்கு எந்த எண் சரி? நாளை 80-ஆ, நாளை 40-ஆ? இரண்டுமே சரியாக இருந்த நாட்கள் அவர் வாழ்க்கையில் உண்டு.

மேஜர் லீக் வீரர்களுக்கு ரிசர்வ் ஷரத்து 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவரின் தீர்ப்போடு உடைந்தது. மைனர் லீக் பையன்களுக்கு அப்படி எதுவும் உடையவில்லை.

அட்டையில் எதிர்காலம் இல்லை

இனி விளையாட்டுப் பக்கம் வருவோம். கணினிக்கு ரொம்ப முன்னாலேயே அமெரிக்கர்கள் வீட்டு மேசையில் பேஸ்பாலை உருட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னாள் மேஜர் லீக் வீரர் ஈதன் ஆலன் வடிவமைத்த 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்' 1941-ல் வந்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வட்டத் தகடு. அதன் ஓரத்தில் அவருடைய உண்மையான ஆட்டத்தின் விகிதத்தில் பகுதிகள் பிரிக்கப்பட்டிருக்கும். முள்ளைச் சுழற்றினால் விளைவு. 1951-ல் 'ஆப்பா', 1961-ல் ஹால் ரிச்மன் வெளியிட்ட 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஆகிய இரண்டும் அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஆடுவது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. அட்டையில் அச்சானது போன வருஷத்து ஆட்டம். எதிர்காலம் அதில் கிடையாது. அட்டை வீரருக்கு வயசாகாது. வளரவும் மாட்டார், தேயவும் மாட்டார். பிராஸ்பெக்ட் என்ற ஜாதியே அந்த மேசையில் இல்லை. ஏன்னா, அவன் இன்னும் எதுவுமே செய்யவில்லை. எதுவும் செய்யாதவனுக்கு அட்டை எப்படி அச்சடிப்பது?

இந்தக் குறையைக் கற்பனையில் நிரப்பியவர் ஒரு நாவலாசிரியர். ராபர்ட் கூவர் 1968-ல் எழுதிய 'த யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' நாவலின் நாயகன் ஒரு கணக்காளன். வீட்டுச் சமையலறை மேசையில், தானே கண்டுபிடித்த தாயக்கட்டை லீக்கைத் தலைமுறை தலைமுறையாக ஓட்டுகிறான். ஓய்வுபெற்ற வீரர்களின் மகன்கள் அதில் ஆட வருகிறார்கள். அப்படி வந்த ஒரு இளம் பிட்சர்மேல் அவனுக்கு உயிர். அந்தப் பையன், விழவே விழாத அபூர்வமான ஒரு எண் தாயத்தில் விழுந்து, ஆட்டத்துக்கு நடுவிலேயே இறந்துபோகிறான். கணக்காளனால் அதைத் தாங்க முடியவில்லை. பிராஸ்பெக்ட் வளர்க்கும் விளையாட்டுகள் பிற்காலத்தில் நம்மிடமிருந்து பறிக்கப்போகிற தூக்கத்தை கூவர் முன்கூட்டியே எழுதிவிட்டார் என்பது என் எண்ணம்.

எதிர்காலத்தை உருட்ட வேண்டுமென்றால் முதலில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். ஆட்டக்காரர்கள் உச்சத்துக்கு வருவது 27 வயதை ஒட்டித்தான் என்று 1980-களின் தொடக்கத்தில் எண்களை வைத்துக் காட்டினார். 28-லிருந்து 32 வரை என்பதுதான் அதுவரை பொது நம்பிக்கை. 1985-ல் இன்னொன்று செய்தார். மைனர் லீக் பேட்டிங் எண்களை, ஆடிய லீக்குக்கும் மைதானத்துக்கும் தக்கபடி திருத்திக்கொண்டால், அந்தப் பையன் மேஜர் லீக்கில் எப்படி அடிப்பான் என்பதைத் தாராளமாக ஊகிக்கலாம் என்றார். அதுவரை மைனர் லீக் எண்களைப் பலர் பொருட்படுத்தியதே இல்லை. வயசுக்கு ஒரு வளைவு, படிக்கு ஒரு மாற்று விகிதம். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால், வளரும் வீரனை ஒரு நிரலாக எழுதிவிட முடியும்.

பெட்டிக்குள் இருக்கும் நிஜ எண்

எழுதியும் விட்டார்கள். 'அவுட் ஆஃப் த பார்க்' விளையாட்டுக்குள் ஒரு பையன் எப்படி வளர்கிறான் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொருவனுக்கும் இன்றைய திறன், நாளைய திறன் என இரண்டு வரிசை எண்கள் உள்ளே இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது அவற்றை அல்ல, உங்கள் ஸ்கவுட்டின் மதிப்பீட்டை. ஸ்கவுட் திறமைசாலியாக இருந்தால், நீங்கள் ஸ்கவுட்டிங்குக்குப் பணம் ஒதுக்கியிருந்தால், மதிப்பீடு நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பையனின் உழைப்பு, புத்தி எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. சோம்பேறிக்கு வளர்ச்சி தடுமாறும். கீழ்ப்படியிலேயே வைத்திருந்தால் தேங்குவான். அவசரப்பட்டு மேலே தூக்கினால் அடிவாங்குவான். பெஞ்சில் உட்கார வைத்தால் வீண். பயிற்சியாளர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும். காயம் பட்டால் எல்லாம் தலைகீழ். நம்ம ஊரில் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பறித்து நடுவதற்கு நாள் பார்ப்பார்களே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும். சீக்கிரம் பறித்தாலும் கெட்டது, நாள் கடந்தாலும் கெட்டது.

சில மாதம் ஆடியதும் உங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பட்டியலைத் திறந்து, பொட்டென்ஷியல் வரிசையில் அடுக்கி, கீழே இருக்கும் இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, மொத்தமாக 'ரிலீஸ்' கொடுப்பது. ஒரு சொடுக்குதான். இருபது பேர் வேலை காலி. அவர்கள் இருந்த இடத்தில் புதிதாக எடுத்த இருபது பேர். மைனர் லீக் சம்பளம் என் பட்ஜெட்டில் உறைத்ததே இல்லை. அவர்கள் அங்கே இருப்பது, என் நாலைந்து பிராஸ்பெக்ட்டுகள் ஆடுவதற்கு எதிரே ஒன்பது பேர் வேண்டும் என்பதற்காக மட்டுமே.

ஸ்கவுட் தவறலாம், ஆனால் ஸ்கவுட்டுக்குப் பின்னால் நிஜமான ஒரு எண் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விளையாட்டு நமக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் பாடம். மறைப்பைத் தூக்கிவிட்டு அதைப் பார்க்கும் வசதியைக்கூட அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே அமைப்புகளில் இன்னொரு குமிழும் உண்டு. திறன் எந்த அளவுக்குத் தற்செயலாக மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. வழக்கமாக அது 100-ல் இருக்கும். ஒரு லீக்கைச் சேமித்து வைத்துவிட்டு, பத்து வருஷம் ஓட்டிப் பாருங்க. பிறகு சேமித்த இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி ஓட்டுங்க. அதே பையன்கள், அதே தொடக்க எண்கள். ஒரு ஓட்டத்தில் நட்சத்திரமான பையன் அடுத்ததில் 26 வயதில் டபுள் ஏ-யில் கழிக்கப்பட்டுக் கிடப்பான். முதல் ஓட்டத்தில் நீங்கள் பெயரைக்கூடக் கவனிக்காத ஒருவன் இரண்டாவதில் கோப்பை தூக்குவான். உள்ளே இருக்கும் நிஜ எண்கூட விதி அல்ல, அன்றைய தேதிக்கான ஒரு அனுமானம்தான். இதை விளையாட்டே ஒப்புக்கொள்கிறது. நாம்தான் பட்டியலை அடுக்குகிற வேகத்தில் மறந்துவிடுகிறோம்.

நிஜத்தில் ஓட்டிப் பார்த்தால்

நிஜ வாழ்க்கையைச் சேமித்து வைத்து மறுபடி ஓட்ட முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட மதிப்பெண்களின் பதிவு இருக்கிறது: வருடாந்திர டிராஃப்ட்.

இளைஞர்களுக்குக் கொடுக்கும் முன்பணம் கட்டுக்கடங்காமல் போனதால் வந்தது அது. 1964-ல் ரிக் ரைகார்ட் என்ற ஒரு மாணவருக்கு மட்டும் 2,05,000 டாலர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து, முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய கிளப் முதலில் என்ற வரிசையில், சுற்றுச் சுற்றாகப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆக, நாட்டிலுள்ள அத்தனை ஸ்கவுட்டுகளின் கூட்டு மதிப்பீடு வரிசை எண்ணாகவே பதிவாகிவிடும்.

1965-ல் நடந்த முதல் டிராஃப்ட்டிலேயே 295-வது ஆளாக, 12-வது சுற்றில் எடுக்கப்பட்டவர் நோலன் ரயன். பிற்காலத்தில் 5,714 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அவருக்கு முன்னால் 294 பேர்! 1966-ல் முதல் ஆளாக நியூயார்க் மெட்ஸ் எடுத்தது ஸ்டீவ் சில்காட்டை. அவர் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இரண்டாவதாகப் போனவர் ரெஜி ஜாக்சன். 1991-ல் முதல் ஆளான பிரையன் டெய்லருக்கு யாங்கீஸ் கொடுத்தது 15.5 லட்சம் டாலர். 1993-ல் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது, அதோடு சரி. 1999-ல் 402-வது ஆள் ஆல்பர்ட் புஹோல்ஸ், பிற்காலக் கணக்கில் 703 ஹோம் ரன்.

எல்லாருக்கும் மேலே மைக் பியாட்சா. 1988-ல் 62-வது சுற்றில் 1,390-வது ஆள். டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா அவர் குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர், அந்தத் தயவில் எடுத்தார்கள். அதாவது இது மதிப்பெண்ணே அல்ல, சிபாரிசு. அந்தச் சிபாரிசு 427 ஹோம் ரன் அடித்து, 2016-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனது.

மார்க் ஆப்பெலின் கதை இன்னும் விசித்திரம். 2013-ல் முதல் ஆள். எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை. 2018-ல் ஆட்டத்தையே விட்டுப் போனார். 2021-ல் திரும்பி வந்தார். 2022 ஜூனில், 30 வயதில், பிலடெல்ஃபியாவுக்காக மேஜர் லீக்கில் முதல் பந்து எறிந்தார். இதில் ஸ்கவுட் சொன்னது சரியா, தப்பா?

இதை வைத்து ஸ்கவுட்டுகள் முட்டாள்கள் என்று முடிவு கட்டினால் அது அநியாயம். முதல் சுற்றில் போகிறவர்கள் மேஜர் லீக்கை எட்டும் வாய்ப்பு பின்சுற்றுக்காரர்களைவிட மிக அதிகம். சராசரியாகப் பார்த்தால் அந்தக் கண் வேலை செய்கிறது. கூட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஒரு குறிப்பிட்ட பையனைப் பற்றி யாராலும் சத்தியம் செய்ய முடியாது, அவ்வளவுதான். பண்ணை இருந்ததே அந்த இடைவெளிக்காகத்தான்.

சுருங்கிய வயல்

1949-ல் மைனர் லீக்குகளின் எண்ணிக்கை 59. அணிகள் 400-க்கும் மேல். தொலைக்காட்சி வந்த பிறகு அது வேகமாகக் குறைந்து, பிறகு ஓர் அளவில் நிலைத்தது. 2020-க்கு முன் கிளப்புகளோடு இணைந்த அணிகள் சுமார் 160. கொரோனா ஆண்டில் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. 2021-ல் கதவு திறந்தபோது 120 அணிகள்தான் மிச்சம், கிளப்புக்கு நாலு. டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 2020-ல் 5 ஆகி, 2021 முதல் 20. பியாட்சா வந்த வாசல் இன்று சுவர்.

நல்ல மைதானங்கள், குறைந்த பயணம், இருப்பவர்களுக்கு நல்ல சம்பளம் என்று இதற்கு லீக் நிர்வாகம் காரணம் சொன்னது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சம்பளக் கதையைப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலிகூடத் தரவில்லை என்று மைனர் லீக் வீரர்கள் 2014-ல் வழக்குப் போட்டார்கள். 2018-ல் ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் செருகி, கூலிச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காதபடி செய்தது அமெரிக்க காங்கிரஸ். வழக்கு 2022-ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே ஆண்டு அவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். 2023-ன் முதல் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படியின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. டிரிபிள் ஏ-யில் 17,500-லிருந்து 35,800. நூறு ஆண்டுப் பண்ணையில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் சுருக்கத்துக்குப் பின்னால் வேறொரு நம்பிக்கையும் இருக்கிறது என்பது என் பார்வை. அதிவேகக் கேமரா, ரேடார், பந்தின் சுழற்சியை அளக்கும் கருவி எல்லாம் வந்துவிட்டன. இப்போது நமக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் விதை குறைவாகப் போதும் என்கிற தைரியம். அது கிட்டத்தட்ட என் கணினித் திரையின் தைரியம்: பொட்டென்ஷியல் வரிசையில் அடுக்கு, அடியில் இருப்பதை வெட்டு. ரிக்கி தெரியாது என்பதை வைத்துப் பண்ணை கட்டினார், பையன்களை மலிவாகக் கட்டிப்போட்டார். இன்றைக்குத் தெரியும் என்கிறார்கள், இருப்பவனுக்கு நியாயமாகக் கூலி கொடுக்கிறார்கள், வாசலைச் சுருக்குகிறார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால், கூலி கொடுப்பதுதான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் கூலியும் கொடுத்து வாசலையும் அகலமாக வைத்திருக்க முடியாது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை.

விளையாட்டை நான் விடவில்லை. ஒரு சின்ன விதி மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் என் பட்டியலின் அடியிலிருக்கும் ஐந்து பேரை, எண் என்ன சொன்னாலும், ரிலீஸ் செய்வதில்லை. ஒரு வருஷம் கூடுதலாக ஆடவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. எண் சரியாகத்தான் இருக்கிறது. போன பருவம் அப்படி வைத்திருந்த ஐந்து பேரில் ஒரு பிட்சர், கை வராததால் முதல் பேஸுக்கு மாற்றப்பட்டு, இப்போது டபுள் ஏ-யில் சுமாராக அடித்துக்கொண்டிருக்கிறான். மேஜர் லீக் வருவானா என்று கேட்காதீங்க. ஸ்கவுட் இன்னமும் 35-தான் போட்டிருக்கிறார்.